ரேந்தையும் ராட்டையும்

பெண்குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் கற்பிக்க வேண்டுமா என்ற கேள்வி நம் நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக ஓயாமல் கேட்கப்பட்டு வருகிறது. வேண்டாம் என்று சொல்லுகிறவர் எவரும் இல்லை. ஆனால் அதற்கென்று ஒதுக்கிய பாடவேளையைக் கணக்குப் பரீட்சைக்காகப் பறித்துக் கொள்ளாத பள்ளிக்கூடமும் அநேகமாக இல்லை. மேடையிலே கைத்தொழிலுக்கு மாலை சூட்டுவதும், கால அட்டவணையிலே அதைக் கடைசி மணிக்குத் தள்ளுவதும் நமக்குப் பழகிப்போன காரியங்கள். இந்த வாரம் அந்தக் கேள்வியைச் சற்றே வேறு பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கடல் கடந்து வந்து நம் பெண்களுக்குக் கைத்தொழில் கற்பித்தவர்கள் சிலர். இங்கிருந்து வேற்றூர் சென்று கற்பித்த தமிழர்களும் சிலர். அவர்கள் செய்தது என்ன, அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதே விஷயம்.

தென்னூரிலிருந்து உறையூர் கூப்பிடு தூரந்தான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயணக் குறிப்பில், 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணி பேசப்படுகிறது. அந்த ஊர் நம் உறையூரே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய முடிவு. அப்படிப்பட்ட ஊருக்கு அண்டை வீட்டுக்காரர்களாகிய நமக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. நூலும் ஊசியும் நமக்குத் தெரியாதவையா? சீமையிலிருந்து ஒருவர் வந்துதானா நம் பெண்களின் விரலுக்குப் பாடம் சொல்ல வேண்டும்?

இந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் அதற்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நூல் நம் நாட்டுக்குத் தெரியும், சரி. நம் நாட்டிலே யார் யாருடைய கை அந்த நூலைத் தொடலாம் என்று இருந்தது? இதற்கு விடை தேட வேண்டுமானால் திருச்சியிலிருந்து தெற்கே போய் நாகர்கோவிலில் இறங்க வேண்டும்.

* * *

1819-ஆம் ஆண்டின் முடிவில் சார்லஸ் மால்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார் லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். அவருடன் அவர் மனைவி மார்த்தாவும் வந்தார். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். எழுத்தும் வாசிப்பும் சொல்லிக் கொடுத்ததுடன், சில ஆண்டுகளுக்குள் லேஸ் பின்னவும் கற்பித்தார். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த 'ரேந்தை' என்ற பெயரும் அதற்கு நம்மவரிடையே உண்டு.

ரேந்தை பின்னுவதைப் பார்த்திராத நேயர்களுக்கு அதைச் சற்று விளக்குவது நலம். கெட்டியாக அடைக்கப்பட்ட ஒரு திண்டு. அதன்மேல் தடித்த காகிதம். காகிதத்தில் பூவும் கொடியும் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சிறு கட்டைகள் இரண்டிரண்டாகத் திண்டின் ஓரத்தில் தொங்கும். செய்ய வேண்டிய காரியம் இரண்டே. ஒரு நூலை மற்றொன்றின்மேல் குறுக்காக மாற்றுவது ஒன்று. இரண்டையும் முறுக்குவது மற்றொன்று. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால், ஊசிகளைச் சுற்றி வலை போன்ற சித்திரம் உருவாகும். அகலமான வேலைக்கு டஜன் கணக்கான கட்டைகள் தேவை. எந்தக் கட்டை எதன்மேல் போக வேண்டும் என்பதை விரல் மறந்தால் பூ கெட்டது. எண்ணத் தெரியாத பெண்ணால் இதைச் செய்ய முடியாது; இதைச் செய்கிற பெண் தன்னை அறியாமலே எண்ணக் கற்றுக் கொள்வாள்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. நாகர்கோவிலில் இந்தத் தொழில் தொடங்கிய அதே காலத்தில் இங்கிலாந்தில் அது நொடித்துக் கொண்டிருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் வலைத்துணி நெய்யும் யந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து 1809-இல் அதற்கு உரிமம் பெற்றார். 1816-இல் லஃப்பரோ என்னும் ஊரில் இருந்த அவருடைய ஆலையைத் தொழிலாளர் கூட்டம் ஒன்று புகுந்து உடைத்தது. அவர் டெவன் பிரதேசத்தில் டிவர்ட்டன் நகருக்குப் போய் மறுபடி ஆலை வைத்தார். கையால் பின்னும் லேசுக்குப் பெயர் பெற்ற ஹானிட்டனும் அதே டெவனில்தான் இருக்கிறது! யந்திரம் பெருகப் பெருக, சிறு பெண்கள் திண்டின்முன் குனிந்து உட்கார்ந்திருந்த ஆங்கில நாட்டு லேஸ் பள்ளிகள் ஒவ்வொன்றாகக் களையிழந்தன. அங்கே கூலி கட்டாத வேலை, கூலி மலிந்த நம் நாட்டில் கட்டுபடியாயிற்று. நம் ஊர்ப் பெண்கள் பின்னிய லேசை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளே.

இவ்வளவுடன் கதை முடிந்திருந்தால், 'மலிந்த கூலிக்கு மற்றொரு தொழில்' என்று சொல்லிவிட்டு நாம் வேறு விஷயத்துக்குப் போய்விடலாம். ஆனால் முடியவில்லை.

* * *

அக்காலத்துத் திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருந்தார்கள், வாங்கினார்கள், விற்றார்கள். சமஸ்தானத்தில் அடிமை முறை அரசாணையால் ஒழிந்தது 1855-இல்தான். மார்த்தா மால்ட் பள்ளியில் படித்த பெண்களில் அடிமைக் குடும்பத்துச் சிறுமிகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக் கொண்டார்கள் என்று மிஷன் சரித்திரங்கள் கூறுகின்றன.

நேயர்கள் இந்த வாக்கியத்தை ஒரு முறை நின்று படிக்க வேண்டும். அரசாணை வருமுன்பே, சட்டம் வருமுன்பே, ஒரு சிறுமி இரண்டு கட்டைகளைக் குறுக்கே மாற்றி, முறுக்கி, மறுபடி மாற்றி, தன்னுடைய உடலின் விலையைத் தானே ஈட்டியிருக்கிறாள். நம் தேசத்தின் விடுதலைச் சரித்திரத்தில் எத்தனையோ வீரர்களைப் போற்றுகிறோம். பெயர் தெரியாத இந்தச் சிறுமிகளுக்கும் அதில் ஓர் ஓரத்தில் இடம் கொடுப்பது நம் கடமை அல்லவா?

இதைவிடக் கசப்பான செய்தியும் ஒன்று இருக்கிறது. அதே சமஸ்தானத்தில் நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணிவதற்கே உரிமை இல்லாதிருந்தது. பிறருடைய கழுத்துக்கும் கைக்கும் அழகு செய்ய விரல் நோவப் பின்னிய பெண்களின் சமூகத்துக்குத் தங்கள் தோளில் ஒரு சீலையைப் போட்டுக் கொள்ள அனுமதி இல்லை! மிஷன் மாதர்கள் தைத்துக் கொடுத்த குப்பாயம் என்னும் ரவிக்கையை அணிந்து பெண்கள் வெளியே வந்தபோது கலகங்கள் நடந்தன. பெண்கள் தாக்கப்பட்டார்கள். 1829-இல் அரசாங்கமே தோள்சீலை அணியும் உரிமையை மறுத்து ஆணை பிறப்பித்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1859-இல்தான் நாடார் பெண்கள் மேலே துணி அணியலாம் என்ற பிரகடனம் வந்தது. அதிலும், உயர்சாதிப் பெண்கள் அணிகிற விதமாக அணியலாகாது என்று ஒரு நிபந்தனை!

ஆக, தையலும் பின்னலும் இங்கே வெறும் அலங்கார வித்தைகளாக இருக்கவில்லை. ஊசி பிடித்த கை உரிமையையும் பிடித்தது.

மார்த்தா அம்மையாரின் மகள் எலிஸா நாகர்கோவிலிலேயே பிறந்தவர். தமிழ் அவருக்குத் தாயின் மடியோடு வந்த மொழி. 1844-இல் அவர் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல்லைத் தமிழுலகம் நன்கு அறியும். திருநெல்வேலித் தேரிக்காட்டிலே, செம்மணலுக்கும் பனைமரத்துக்கும் நடுவிலே, அவர் மனைவி பெண்களுக்குப் பள்ளி நடத்தி லேஸ் கற்பித்ததை அறிந்தவர் குறைவு. புத்தகம் எழுதியவருடைய பெயர் நிலைக்கும். பின்னல் கற்பித்தவருடைய பெயர் நிலைக்காது. உலகத்தின் வழக்கம் இது. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்ததே இன்றைய டதி பெண்கள் பள்ளி. 1956 நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது அந்தப் பள்ளியும் நம் ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது.

* * *

மிஷனரிமார்களின் நோக்கத்தில் மதமாற்றமும் இருந்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. நாம் மறக்கவும் வேண்டாம். ஆயினும் அவர்கள் கற்பித்த தொழில் ஏன் அந்தச் சிறுமிகளுக்கு விடுதலைக் கருவியாயிற்று என்பதை ஆராய்ந்து பார்ப்பது நமக்குப் பிரயோஜனமாகும்.

எம்முடைய அபிப்பிராயம் இது. ரேந்தைக்கு நம் நாட்டில் சாதி இல்லை. நெசவுக்குச் சாதி இருந்தது. குயத்துக்கும் தச்சுக்கும் தோல் வேலைக்கும் இருந்தது. கையில் எந்தக் கருவியைக் கண்டாலும், 'நீ இன்னான் மகன்' என்று ஊர் சொல்லிவிடும். சீமையிலிருந்து வந்த அந்தத் திண்டும் கட்டையும் மட்டும் எவருடைய குலத்தொழிலும் அல்ல. ஆகையால் அதைத் தொடுவதற்கு எந்தச் சிறுமிக்கும் தடை இல்லை. தொட்டதனால் அவள் எந்தக் குலத்தாள் என்று முத்திரை விழவும் இல்லை. கூலியும் அவளுடைய உழைப்புக்கே கிடைத்தது; அவளுடைய பிறப்புக்கு அல்ல. தொழிலின் அந்நியத் தன்மையே அதன் அருமையாகிவிட்டது!

பின்னாளில் காந்தியடிகள் இதே முடிச்சை வேறொரு வழியில் அவிழ்க்க முயன்றார். 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் ஒரு கல்வி மகாநாடு கூடியது. ஏழு ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் போதனை, ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றப் பாடங்கள் என்ற திட்டம் அங்கே உருவாயிற்று. ஜாகிர் ஹுசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஆதாரக் கல்வி என்று நாம் அதைச் சொல்லி வந்தோம். தக்ளியில் நூற்கும் குழந்தை இழையை எண்ணும்போது கணிதம் வருகிறது. பஞ்சு விளையும் கரிசல் மண்ணைப் பற்றிக் கேட்கும்போது பூகோளம் வருகிறது. வங்காள நெசவாளர் அழிந்த கதையைக் கேட்கும்போது சரித்திரம் வருகிறது. பிராமணக் குழந்தையும் ஹரிஜனக் குழந்தையும் அதே தக்ளியைச் சுழற்ற வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. ராட்டையைக் காந்தியடிகள் எல்லோருக்கும் பொதுவாக்கியதனால் அதற்கும் சாதி இல்லாமல் போயிற்று.

இந்தத் திட்டத்தை நடத்த ஏற்பட்ட ஹிந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் காரியதரிசி யார் தெரியுமா? யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். தாகூரிடம் பணியாற்றிய அவரும், வங்காளத்துப் பெண்மணியான அவர் மனைவி ஆசாதேவியும் சேவாகிராமத்தில் தங்கிக் குழந்தைகளோடு தோட்டம் கொத்தினார்கள், நூல் நூற்றார்கள். கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்திய ஜே. சி. குமரப்பாவும் தமிழரே. வேற்றூருக்குப் போய்க் கைத்தொழில் கற்பித்த பெருமை ஆங்கில மாதருக்கு மட்டும் உரியதல்ல, நம்மவருக்கும் உண்டு.

இந்த இரண்டு ஓடைகளும் ஓர் அம்மையாரிடத்தில் வந்து கூடின. மார்ஜரி ஸைக்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1928-இல் சென்னை வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். மால்ட் தம்பதிகளை நாகர்கோவிலுக்கு அனுப்பிய அதே லண்டன் மிஷன் சங்கத்தோடு சம்பந்தப்பட்ட பள்ளி அது. அங்கே தலைமை ஆசிரியையாகவும் இருந்தார். தமிழ் கற்றார். பிறகு சாந்திநிகேதனம் சென்றார். தாகூரின் நாடகங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்திலும் பல ஆண்டுகள் வாழ்ந்து அதே பணியைச் செய்தார். 1995-இல் காலமானார். கற்பிக்க வந்தவர் கற்றுக்கொள்ளவும் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. 'உங்களுக்கு இல்லாததை நான் கொண்டு வந்தேன்' என்று தொடங்குகிற உபாத்தியாயினி நல்லவர். 'உங்களிடம் இருப்பதை நானும் அறிந்தேன்' என்று முடிக்கிறவர் பெரியவர்.

* * *

ஆதாரக் கல்வி நம் நாட்டில் ஏன் நிலைக்கவில்லை? பல காரணங்கள் உண்டு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1953-இல் ராஜாஜியின் அரசாங்கம் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டு வந்தது. பிள்ளைகள் தினம் ஒரு வேளை பள்ளிக்கூடத்தில் படிப்பது. மற்றொரு வேளை பெற்றோரின் தொழிலைப் பழகுவது. ராஜாஜி கூறிய காரணங்களில் இடப்பற்றாக்குறையும் உண்டு. உழைப்பின் மதிப்பும் உண்டு. ஆனால் ஜனங்கள் அதில் கண்டது வேறு. தோட்டியின் மகன் தோட்டியாகவும் வண்ணான் மகள் வண்ணாத்தியாகவுமே இருக்க வேண்டும் என்பதற்கு இது வழி என்று கொதித்தார்கள். 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக் கொண்டது. 1954-இல் காமராஜ் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

கைத்தொழிலை ஜனங்கள் வெறுத்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. தன் பிறப்புக்கென்று எழுதி வைத்த கைத்தொழிலையே அவர்கள் வெறுத்தார்கள். நாகர்கோவில் சிறுமிக்குத் திண்டு ஒரு வாசலைத் திறந்தது. 1953-ஆம் ஆண்டுத் திட்டம் வாசலை மூடுவதாகத் தோன்றியது. இரண்டும் கைத்தொழிலே. வித்தியாசம், கற்கிறவர் அதைத் தேர்ந்தெடுத்தாரா, அது அவர் தலையில் கட்டப்பட்டதா என்பதில் இருக்கிறது. 2023-இல் மத்திய சர்க்கார் விசுவகர்மா திட்டத்தை அறிவித்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஆட்சேபித்ததும் இந்தப் பழைய காயத்தின் நினைவினால்தான்.

கூலி விஷயத்திலும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். கோதாவரிக் கரையில் நரசாபுரம் என்ற ஊரிலும் மிஷன் மாதர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லேஸ் வேலை கற்பித்தார்கள். அங்கே கொக்கி ஊசியால் பின்னுகிற வேலை பெருகியது. ஏராளமான பெண்கள் வீட்டில் இருந்தபடியே பின்னினார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னுகிற பெண்களை எவரும் தொழிலாளி என்று கணக்கிடவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்' என்றே சொன்னார்கள். ஏற்றுமதி செய்த ஆடவர்கள் மாடி வீடு கட்டினார்கள். பின்னிய பெண்களுக்குக் கிடைத்தது சொற்பம். 2024-இல் நரசாபுரம் லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, பெருமைப்படுவோம். பின்னிய விரலுக்கு உரிய கூலியும் கூடவே வந்தால்தான் அந்தப் பெருமை முழுமையாகும்.

* * *

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலிய வகுப்புகளுக்காக 2012-இல் பகுதிநேர ஆசிரியர் நியமனம் நடந்தது. அனுமதிக்கப்பட்ட இடங்கள் 16,549. தொடக்கத்தில் மாதச் சம்பளம் ரூபாய் 5,000. பின்னர் அது சிறுகச் சிறுக உயர்ந்தது. பணி நிரந்தரம் கோரி அவர்கள் பலமுறை வீதிக்கு வந்திருக்கிறார்கள். கணக்கு உபாத்தியாயருக்கு ஒரு நாற்காலியும் கைத்தொழில் உபாத்தியாயினிக்கு ஒரு முக்காலியும் போட்டுவிட்டு, 'இரண்டு பாடமும் சமம்' என்று குழந்தைகளிடம் சொன்னால் குழந்தைகள் நம்புவார்களா? அவர்கள் நம்மைவிடக் கூர்மையானவர்கள். எந்த ஆசிரியைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பாடத்துக்கு முன்னதாகவே படித்து விடுகிறார்கள்.

ஆகவே நேயர்களுக்குச் சில விண்ணப்பங்கள். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் கைத்தொழில் வகுப்பு நடக்கிறதா, அந்த மணியைப் பரீட்சை விழுங்கிவிடுகிறதா என்று விசாரியுங்கள். பெண்ணுக்கு மட்டும் தையல், பையனுக்கு மட்டும் தச்சு என்று பிரிப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டையில் பொத்தான் அறுவது ஆணுக்கும் நேருவதுதான். எந்தக் குழந்தைக்கும் அதன் வீட்டுத் தொழிலையே காட்டிக் கற்கச் சொல்லாதீர்கள். நெசவாளர் மகள் மின்சார வேலை கற்கட்டும், வக்கீல் மகன் தறியில் உட்காரட்டும். கடையிலே கைவேலைப் பொருளை வாங்கும்போது விலையைப் பேரம் பேசுமுன், இதைச் செய்தவளுக்கு இதிலே எவ்வளவு போகும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் தெரிந்து வைத்துக் கொள்வார்.

கைத்தொழில் கற்பது வயிற்றுப் பிழைப்புக்கு மட்டும் என்று எண்ணுகிறவர் பாதி உண்மையைச் சொல்கிறார். அது மனப் பண்புக்கு மட்டும் என்கிறவர் மற்றப் பாதியைச் சொல்கிறார். நாகர்கோவில் சிறுமிகள் இரண்டையும் சேர்த்து அறிந்திருந்தார்கள். அவர்கள் பின்னிய லேசு எந்தச் சீமாட்டியின் பெட்டியில் மக்கிப் போயிற்றோ, நாம் அறியோம். அதன் விலையில் அவர்கள் வாங்கிய பொருள் மட்டும் மக்கவில்லை. நம் பள்ளிகளிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அத்தகைய ஒரு விலைப்பொருள் இருக்க வேண்டும்; அதை வைத்து எதை வாங்குவது என்ற தீர்மானமும் அவளுடையதாகவே இருக்க வேண்டும். அதுவரையில் கைத்தொழில் வகுப்பைக் கடைசி மணிக்குத் தள்ளுகிற கால அட்டவணைகளை நாம் எதிர்த்துக் கொண்டே இருப்போமாக.